அறிக்கையில் ஒரு சொல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. முழங்கால் வலியோடு இன்னமும் பேருந்தேறிக் களப்பணிக்குப் போகிறாய் என்று படித்தபோது கோபமும் பெருமையும் சேர்ந்தே வந்தன. இங்கே நான் நலம். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

அரசியலை அலுவலக வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும் என்று உங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னதாக எழுதியிருந்தாய். அரசியலே இல்லாதவர் நம் சமூகப் பணித் தொழிலுக்கு வந்திருப்பாரா என்பதே என் சந்தேகம். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக வாதாடிய முத்துலட்சுமி ரெட்டிதான் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தையும் தொடங்கினார். அவருடைய அரசியல் எங்கே முடிந்து சேவை எங்கே தொடங்கியது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆனால் நம்மை இந்த வேலைக்கு இழுத்து வந்த நம்பிக்கையே ஒரு நாள் நம் கண்ணை மறைக்கும் என்பதை, வெட்கத்தோடு சொல்கிறேன், இந்த ஆண்டுதான் உணர்ந்தேன்.

நான் எத்தனை தீவிரமான மதுவிலக்குக்காரி என்பது உனக்குத் தெரியும். என் அப்பாவைப் பார்த்தவள் நீ. 2003இல் அரசே சாராயக் கடை நடத்தத் தொடங்கியபோது நாம் இருவரும் மறியலுக்குப் போனோமே! கடந்த ஆடி மாதம், தாயை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டு நிலையை நேரில் பார்த்துச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கையை நான் எழுதினேன். அவள் தந்தை கட்டட வேலை செய்பவர். வீட்டுக்குப் போனபோது அடுப்பருகே ஒரு காலிப் பாட்டில் கிடந்தது. "தந்தை மதுவுக்கு அடிமையானவர், சிறுமியை இல்லத்தில் சேர்ப்பது நலம்" என்று எழுதி, அவள் எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.

என் மகள் வயதுள்ள உதவியாளர் அதைப் படித்துவிட்டு, "அக்கா, அடிமை என்று யார் பரிசோதித்துச் சொன்னார்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுநாள் மீண்டும் போனேன். அந்தப் பாட்டிலில் மண்ணெண்ணெய் வைத்திருந்தார்களாம். அவர் சனிக்கிழமை கூலி வாங்கும் நாளில் குடிக்கிறவர்தான். அன்றிரவு பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிடுவார். மற்ற நாட்களில் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது அவரே. அவள் பின்னலில் ரிப்பன் கோணலாக இருந்ததை முதல் நாளும் பார்த்தேன். அது ஓர் ஆணின் கை கட்டிய முடிச்சு என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதை எத்தனை பயிற்சி வகுப்புகளில் நானே விளக்கியிருக்கிறேன்!

நீ என்னைவிட மேல். இலவசங்கள் மக்களைக் கெடுக்கின்றன என்பது உன் பழைய கருத்து. அதற்காக நாம் சண்டை போடாத ஆண்டில்லை. ஆனாலும் 2023இல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பெண்களைத் தேடிப்போய் மேல்முறையீடு செய்ய வைத்தவள் நீ. உன் கருத்து எது என்று உனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததால் அதைத் தள்ளி நிற்க வைத்தாய். என்னுடையதையோ நான் கருத்தென்றே எண்ணவில்லை, அனுபவம் என்று நினைத்துவிட்டேன்.

2021இல் பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரு பெண்களின் வழக்கில், தன்பால் உறவு பற்றித் தனக்கும் முன்முடிவுகள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் கேட்டறிந்த பிறகே தீர்ப்பெழுதினார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். நீதிபதிக்கு மேல்முறையீட்டு மன்றம் உண்டு, வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு. சமூகப் பணி முழுமைக்குமான சட்டப்படியான கவுன்சில் நம் நாட்டில் இன்னும் இல்லாததால், நம் முன்முடிவுகளை நாமே பிடித்தால்தான் உண்டு, அல்லது எனக்கு வாய்த்ததுபோல் துணிச்சலான ஓர் உதவியாளர் வேண்டும்.

திருத்திய அறிக்கையின்படி சிறுமி தந்தையுடனே இருக்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். சனிக்கிழமையாகப் பார்த்தே போகிறேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. தை மாதம் மதுரைக்கு வரும்போது இரண்டு அறிக்கைகளின் நகலையும், பெயர்களை அடித்துவிட்டு, கொண்டு வருகிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து வை.

என்றும் அன்புடன்,
உன் தோழி