விளக்கு முதலில், கயிறு கடைசியில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் பாண்டேஜ் (காம விளையாட்டாக ஒருவரை அவர் சம்மதத்தோடு கயிற்றால் கட்டுவது) என்ற சொல்லை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்திருக்கிறாய். ஏன் இந்தக் கூச்சம்? ஜப்பானில் இடோ சேயு (1882–1961) என்ற ஓவியர், கயிற்றால் கட்டப்பட்டவர்களைப் புகைப்படமெடுத்து வைத்துக்கொண்டு வரைந்தவர். நீயும் உன் மனைவியும் மனமொத்துச் செய்வதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அதைப் படமெடுக்க மூன்று ஃபிளாஷ் வாங்கப் போகிறாயாமே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒன்று போதும். அதையும் உடனே வாங்காதே. ஒரு நாள் மாலை வெயில் சாயும் நேரத்தில் காமிரா இல்லாமல் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போ. வெளிச்சம் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அத்தனை பெரிய தூணும் தட்டையாகத் தெரியும். நாலடி நகர்ந்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கு, தூண் உருண்டு திரளும். 6 மில்லிமீட்டர் சணல் கயிறும் ஒரு குட்டித் தூண்தான். காமிராவின் தலையில் மாட்டிய ஃபிளாஷ் அதன் முறுக்கைத் தின்றுவிடும். தோலை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு புரியும் நிழலோடு எழுந்து நிற்கும். நைலான் கயிறு வேண்டாம்: பளபளக்கும், வழுக்கும், தோலையும் எரிக்கும்.

உன் அறை சிறியது, சுவரெல்லாம் வெள்ளை. எங்கே அடித்தாலும் வெளிச்சம் திரும்பி வந்து நிழலை நிரப்பிவிடும். எதிர்ச்சுவரில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடு. விளக்கை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தள்ளினால் ஆள்மீது விழும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். எனவே விளக்கை ஆளுக்கு நெருக்கமாகவும் பின்சுவரைத் தூரமாகவும் வைத்தால் பின்னணி தானாக இருளும். பகலில் ஜன்னலுக்குக் குறுக்கே ஒற்றை வேட்டி கட்டினால், ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க நான் காசு கொடுத்து வாங்கிய துணிப்பெட்டிக்கு, அதாவது சாஃப்ட்பாக்ஸுக்கு, அது குறைந்ததல்ல. சுங்குடிச் சேலையைப் பின்னணியாக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. புள்ளிகள் கயிற்றோடு சண்டை போட்டன.

இதையெல்லாம் நாற்காலியில் தலையணையைக் கட்டிவைத்துப் பழகு. நான் பழகவில்லை. முதல் முறை ஒரு தோழியின் கைகளைக் கட்டிவிட்டு, விளக்கை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டு நின்றேன். கட்டைவிரல் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னபோது, "ஒரே ஒரு படம்" என்றேன். இன்றும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. மேற்கையில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம், தேற வாரக்கணக்காகலாம். மரத்துப்போகிறது என்ற சொல் காதில் விழுந்ததும் காமிராவைக் கீழே வை. முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முடிச்சு அவிழவில்லையென்றால் கயிறு போனால் போகிறது. கட்டிய ஆளைத் தனியே விட்டுக் கதவைத் திறக்கக்கூடப் போகாதே. கழுத்துப் பக்கம் கயிறே போகக் கூடாது, அந்தரத்தில் தொங்கவிடும் பேச்சையும் இப்போதைக்கு எடுக்காதே.

எந்தப் படம் இருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று உன் மனைவியே முடிவு செய்யட்டும், படமெடுத்த அன்றே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்களை எனக்கு அனுப்பு. நாற்காலிப் படங்களை மட்டும்.

அன்புடன்,
அண்ணன்