மிச்சக் குட்டிகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பால் பைதான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) பாம்புகளை இனப்பெருக்கம் செய்து சம்பாதிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் இந்தப் பாம்புகளை வளர்ப்பவன்தான். ஒரு ஜோடி வாங்கினால் போட்ட பணம் மூன்றே வருடத்தில் திரும்பிவிடும் என்று அதில் வந்தது பாம்பு விற்பவர் சொல்லும் கணக்கு, வாங்கியவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கணக்கு சொல்லாதது, குட்டிகளின் விலை விழுந்துகொண்டே போவது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. 1992-ல் அமெரிக்காவில் பாப் கிளார்க் என்ற பாம்பு வளர்ப்பவர் முதல்முறையாக வளர்ப்பிலேயே அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத) குட்டிகளைப் பொரிக்க வைத்தபோது அவை பல ஆயிரம் டாலருக்குப் போயின, ஏனென்றால் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் விற்கிற ஒவ்வொரு குட்டியும் அந்த மரபணுவையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறது, இன்றைக்கு உங்களிடம் வாங்கியவர் சில வருடத்தில் உங்களுக்கே போட்டி. பெண் பாம்பு மூன்று வயது வாக்கில், சுமார் ஒன்றரைக் கிலோ எடை வந்ததும் முட்டையிடத் தொடங்கும், ஒரு தடவைக்கு ஆறு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஒரு வயது ஆனாலே போதும், ஒரே பருவத்தில் பல பெண்களோடு சேர்க்கலாம். பாஸ்டல், மொஹாவி மாதிரி ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியே தெரியும் நிறங்கள் பாதிக் குட்டிகளுக்கு வந்துவிடும் என்பதால் அவற்றின் விலை சீக்கிரம் தரைக்கு வந்தது. க்ளவுன், பைபால்டு போன்றவை ஒடுங்கு பண்புகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும், அதனால் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன.

இதைச் சமாளிக்க வளர்ப்பவர்கள் ஒரே பாம்பில் பல நிற மரபணுக்களை அடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு ஒடுங்கு பண்புகளை மறைவாகச் சுமக்கும் ஜோடியைச் சேர்த்தால், இரண்டும் சேர்ந்து தெரியும் குட்டி சராசரியாக 16-ல் ஒன்று. மூன்று பண்புகள் என்றால் 64-ல் ஒன்று! விளம்பரப் படத்தில் வருவது அந்த ஒன்று, மீதி 15-ம் 63-ம் எங்கே போகின்றன? அதிலும் சாதாரண நிறத்து ஆண் குட்டி என்றால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் தேட வேண்டும்.

கொடுத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. இது 20, 30 வருடம் வாழும் உயிர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயது தாண்டிய ஒன்று, ஆண் துணையே இல்லாமல் 2020-ல் முட்டையிட்டது. அப்புறம் இது சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதக்காரப் பாம்பு, சில நேரம் மாதக்கணக்கில் எலியைத் தொடாது, புதிதாக வாங்கியவர் பயந்துபோய் யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்.

நிறத்துக்காக உடம்பைக் கெடுக்கும் வேலையும் நடக்கிறது. ஸ்பைடர் என்ற நிற வகைக்குத் தலை ஆட்டம் அந்த மரபணுவோடேயே வருவது, சிலதுக்கு லேசாக, சிலதுக்கு இரையைச் சரியாகக் கவ்வ முடியாத அளவுக்கு. இது தெரிந்தும் ‘லேசான ஆட்டம்தான்’ என்று சொல்லி விற்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உரித்த சட்டையை வைத்தே மரபணுப் பரிசோதனை செய்யும் வசதி வந்துவிட்டது, ‘இந்த மரபணு உள்ளே இருக்கலாம்’ என்று சொல்லி விற்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது, இது நல்ல மாற்றம். இனி தாக்குப்பிடிப்பவர்கள், வேறு வருமானம் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஓரிரண்டு ஜோடி மட்டும் சேர்த்து, விற்காத குட்டியைத் தாமே வைத்துக்கொள்ள இடமும் மனதும் உள்ளவர்கள்தான் என்று நினைக்கிறேன். கடன் வாங்கி, பாம்புப் பெட்டிகளை ரேக் ரேக்காக அடுக்குபவர்கள் முதலில் காலி செய்வார்கள், அப்போது ஒரேயடியாகச் சந்தைக்கு வரும் பாம்புகளால் விலை இன்னும் இறங்கும்.

அடுத்த முறை இப்படி ஒருவரைப் பேட்டி எடுத்தால் உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: போன வருடம் பொரித்ததில் எத்தனை இன்னும் ரேக்கிலேயே இருக்கின்றன, அவற்றுக்கு எலி வாங்க மாதம் எவ்வளவு ஆகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்