விளக்கோடு சாக்கடையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

செவிலியர் தினக் கட்டுரையில், ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய கிரிமியப் போரில் செவிலியர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கேந்தி வந்தார், சாவு குறைந்தது என்று முடித்துவிட்டீர்கள். கட்டடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இஸ்தான்புல்லை ஒட்டிய ஸ்குட்டாரியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்கு அவர் வந்தது 1854 நவம்பரில். அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறத்தான் செய்தது. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 42 பேர் இறந்தார்கள். அது மருத்துவமனையாகக் கட்டியதல்ல, துருக்கிப் படைவீரர் தங்கும் குடியிருப்பு. அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றுக்கு வழி திறந்தது. ஜூனில் 100க்கு 2 பேர்தான். இதைப் பின்னாளில் கணக்கோடு எடுத்துச் சொன்னவரும் நைட்டிங்கேலேதான்.

அதே பிப்ரவரியில்தான் ரயில்வே பொறியாளர் புருனெலிடம் பிரிட்டிஷ் அரசு புது மருத்துவமனை கேட்டது. மரத்தில் பாகம் பாகமாக இங்கிலாந்தில் செய்து, கப்பலேற்றி, துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் ரென்கியோய் என்ற இடத்தில் பூட்டினார்கள். எந்தப் பாகமும் இரண்டு ஆள் தூக்கும் எடைக்கு மேல் இல்லை. ஒரு கட்டடத்துக்கு 50 நோயாளிகள், இரண்டு வார்டு. கழிவறையும் குளியலிடமும் அதிலேயே. சமையலறைக்கும் சலவைக்கும் மட்டும் இரும்புக் கொட்டகை, தீப்பிடிக்கக் கூடாதே! வெயிலைத் திருப்பக் கூரைமேல் பளபளப்பான தகரம். சித்திரையில் துருப்பிடித்த ஷீட்டுக்கடியில் உட்கார்ந்து பார்த்த கிருஷ்ணகிரிக்காரருக்கு அதன் அருமை தெரியும்.

காற்று விஷயத்தில்தான் புருனெல் கெட்டிக்காரர். கையால் சுற்றும் விசிறி வெளிக்காற்றைத் தரைக்கடியிலுள்ள குழாய் வழியே வார்டுக்குள் தள்ளியது. உள்காற்றை வெளியே உறிஞ்சினால், அந்த இடத்தை நிரப்பக் கழிவறைக் காற்று உள்ளே வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அங்கே சுமார் 1,300 பேரில் 50 பேர்தான் இறந்தார்கள் என்று ஸ்குட்டாரியோடு ஒப்பிடுவது வழக்கம். அது சரியல்ல. ரென்கியோய் திறந்ததே 1855 அக்டோபரில். அதற்குள் ஸ்குட்டாரியும் தேறிவிட்டது, பெரிய சண்டைகளும் ஓய்ந்துவிட்டன.

காய்ச்சல் காலத்தில் இங்கே தற்காலிக வார்டு போடுபவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும். ஷீட் ஏறுமுன் வடிகால் ஓட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னல் அடைத்த வார்டுச் சுவரில் மாட்டாமல், கழிவறைச் சுவரில் மாட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
கிருஷ்ணகிரி