கிண்டியா குரோம்பேட்டையா என்பதல்ல கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைப் பொறியியல் கல்லூரிகளை ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வரி விடாமல் படித்தேன். கலந்தாய்வு நேரத்தில் எங்களைப் போன்ற பெற்றோருக்கு வேண்டிய கட்டுரைதான். ஆனால் எந்தத் துறை என்றே பார்க்காமல், கட்-ஆஃபையும் அதிகபட்ச சம்பளத்தையும் வைத்துக் கல்லூரிகளை ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிண்டிப் பொறியியல் கல்லூரியையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே அண்ணா பல்கலைக்கழகம், மின்சார ரயிலில் ஆறே ஸ்டேஷன். கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. எம்.ஐ.டி.யோ 1949-இல் சி. ராஜம் தன் வீட்டை விற்றுத் தொடங்கியது, அதுவும் விமானம், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அன்றைக்குப் புதிதாக இருந்த துறைகளுக்காகவே. அப்துல் கலாம் அங்கே போய்ச் சேர்ந்தது விமானப் பொறியியல் படிக்கத்தான். ஏரோ படிக்க ஆசைப்படுகிற பெண்ணிடம் ‘கிண்டிதான் முதலிடம்’ என்று சொல்லி என்ன பயன், அந்தப் படிப்பு இருப்பது குரோம்பேட்டையில்! தோல் தொழில்நுட்பம் வேண்டுமென்றால் கிண்டி வளாகத்துக்குள்ளேயே ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, பக்கத்தில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். இதெல்லாம் உங்கள் அட்டவணையில் எங்கே? ஐ.ஐ.டி.யையும் இதே வரிசையில் வைத்திருக்கிறீர்கள், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாத பிள்ளைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

சம்பள விஷயமும் அப்படித்தான். அதிகபட்சம் என்பது ஒரே ஒரு மாணவர் வாங்கியது. மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் நடுவில் நிற்பவரின் சம்பளம் இருக்கிறது, அதைப் போட்டிருக்கலாமே.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷமாக லேத் (இரும்பைக் கடையும் இயந்திரம்) ஓட்டுகிறவன். போன வருஷம் மகளோடு புறநகரில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போயிருந்தோம். வாசலில் கண்ணாடிக் கட்டடம், வரவேற்பில் குளிர்ந்த மோர். ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்றேன், தயங்கித் தயங்கித்தான் திறந்துவிட்டார்கள். லேத் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. தூக்கிப் பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்தபோது பூசிய கிரீஸ், இரும்பைப் பிடிக்கிற சக்கில் அப்படியே காய்ந்து கிடக்கிறது, தட்டில் ஒரு இரும்புச் சுருள்கூட இல்லை. அப்புறம் இன்னொரு கல்லூரி, பழைய கட்டடம், சுவரெல்லாம் காரை பெயர்ந்திருந்தது. அங்கே லேபில் பற்றவைக்கிற ஈய வாசனை அடித்தது, நாலு பிள்ளைகள் ஒரு சர்க்யூட் போர்டைச் சுற்றி நின்று சிக்னல் ஏன் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை, இப்போது அங்கேதான் படிக்கிறாள். வரிசைப் பட்டியல்களில் அது முதல் கல்லூரிக்குக் கீழேதான் இருக்கிறது.

அடுத்த வருஷம் இந்தக் கட்டுரையைப் போடும்போது துறை துறையாகப் பிரித்துப் போடுங்கள். உங்கள் நிருபரை வேலை நாளில், சொல்லாமல், ஒவ்வொரு கல்லூரியின் லேபுக்கும் ஒரு மணி நேரம் அனுப்புங்கள்.

ஒரு மாணவியின் அப்பா,
அம்பத்தூர்