நோட்டீஸில் எங்கள் பெயரும் வரட்டும்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொடை எனப்படும் ஊர்க் கோவில் திருவிழாக்களை நடத்தும் விழாக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெருமக்களுக்கும், தேவாலயத் திருவிழாக்களை நடத்தும் பங்கு அருட்பணிப் பேரவையினருக்கும், வில்லுப்பாட்டு என்னும் வில்லிசையைப் பாடும் குழு ஒன்றில் குடம் அடிக்கும் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்கள் கலைக்குழுவைப் பேசி முடிக்க வரும்போது கேட்கும் முதல் கேள்வி அண்மை ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்தெந்த ஊர்க் கொடைகளில் பாடியிருக்கிறீர்கள், முத்தாரம்மன் கதை முழுவதும் வருமா, இடம் பாடுவது, அதாவது தலைமைப் பாடகருக்கு இடப்பக்கம் அமர்ந்து உடன் பாடுவது யார் என்று கேட்பீர்கள். இப்போது யூடியூப்பில் இருக்கிறீர்களா, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். நான் பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரிலிருந்து வந்த விழாக் குழுவினர், எங்கள் தலைமைப் பாடகரான புலவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வேறொரு குழுவின் அரை நிமிட ரீல்ஸை அவருக்குப் போட்டுக் காட்டி, இதுபோல ஒன்று இருந்தால் ஊர்க் கூட்டத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வசதியாக இருக்கும் என்றனர். பொத்தான் போன் மட்டுமே வைத்திருக்கும் அவர், கதையில் எந்த இடம் வேண்டுமென்றாலும் இப்போதே பாடிக் காட்டுகிறேன் என்றார். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, வெற்றிலை பாக்கும் அச்சாரமும் கொடுக்காமலே எழுந்து போனார்கள்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி பிரித்து விழா நடத்துகிறவர்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆதாரம் கேட்பது அவர்களின் கடமை. ஆனால் நீங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் அந்த எண்ணிக்கை, எங்கள் தொழிலைப் பற்றி எதையுமே சொல்வதில்லை என்பதுதான் என் வாதம்.

கொடையில் வில்லிசை என்பது மேடைக் கச்சேரி அன்று. கதை வளர்ந்து, சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டுக்கு வரும்போது, புலவரின் கண் கூட்டத்தின் மீது இராது. அருள் வந்து சாமியாடும் கோமரத்தாடியின் மீதே இருக்கும். அவருடைய உடலில் முதல் நடுக்கம் தெரிந்தவுடன் வில்லில் அடிக்கும் வீசுகோலின் அடி இறுகும், உடுக்கை அதைப் பிடித்துக்கொள்ளும், நான் குடத்தின் வாயில் மட்டையின் வேகத்தைக் கூட்டுவேன். அவர் தளர்ந்தால் பாட்டும் ஒரு படி இறங்கிக் காத்திருக்கும். இது ஒத்திகை பார்த்து வருவதில்லை. ஒரே குழுவாகப் பல கொடைகளில் விடிய விடிய உட்கார்ந்து வருவது. இதை அறிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். முன்வரிசையில் பாய் விரித்து உட்காரும் பாட்டிமாருக்கு, எந்தப் புலவர் கதையை விழுங்கிவிட்டு ஓடுகிறார், எவர் அடி பிசகாமல் சொல்கிறார் என்பது தெரியும். கைப்பேசியில் அரை நிமிடம் பார்த்த ஒருவருக்கு அது எப்படித் தெரியும்?

இது வில்லிசைக்கு மட்டும் உள்ள குறை அன்று. தேவாலயத் திருவிழாக்களிலும் கோவில்களிலும் களியல் ஆடும் குழுக்களில், ஆசானின் பாட்டு வேகம் ஏற ஏறக் கம்புகள் தப்பாமல் மோதுவதில்தான் திறமை இருக்கிறது. அதைப் பத்து விநாடிக்கு வெட்டினால் வண்ண உடையும் சத்தமும்தான் மிஞ்சும். தோல்பாவைக்கூத்தின் அழகு இருட்டில், திரைக்குப் பின்னால் எரியும் வெளிச்சத்தில், பாவையின் துளைகள் வழியே கசியும் நிறத்தில் இருப்பது. நம் மாவட்டத்தில் அக்கலையை இன்னும் விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ரீல்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்பதற்காகக் கொடை கிடைக்காமல் போகுமானால், அந்த இழப்பு அவர்களோடு நிற்காது.

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தது. பல காலம் உழைத்து வாசகர்களைச் சேர்த்திருந்தவர்கள், அதே வாசகர்களைச் சென்றடையக் காசு கட்ட வேண்டிய நிலை வந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது, அதில் மட்டுமே பெயர் எடுத்திருந்த கிராமத்துக் கலைஞர்கள் தங்கள் ரசிகர்களின் ஒரு தொலைபேசி எண்கூட இல்லாமல் நின்றார்கள். தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. 2021 அக்டோபர் 4 இரவு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. இந்தச் செயலிகளை மட்டும் நம்பியிருப்பது, அடுத்தவர் புரையிடத்தில், அதாவது அவருடைய மனையில், சுவர் எழுப்பும் வேலை. அவர் வேலியை மாற்றி அடைத்தால் நாம் கேட்க முடியாது. அந்தச் சுவரின் உயரத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு அச்சாரம் தருவோம் என்று நீங்கள் சொல்வது எந்த வகையில் பொருந்தும்?

எங்கள் கலைக்கு விளம்பரம் செய்ய நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. அது உங்கள் கொடைதான். ஓர் ஊரில் கொடை என்றால் அந்த ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த பெண்கள் குடும்பத்தோடு வருவார்கள். சம்பந்தி வீட்டார் வருவார்கள். பக்கத்து ஊர் விழாக் குழுவினர் நோட்டம் பார்க்கவே வருவார்கள். கேட்டுப் பிடித்துப்போனால், விடியற்காலையில் மேடைக்குப் பின்னால் வந்து நோட்டீஸின் பின்பக்கத்தில் எங்கள் எண்ணை எழுதி வாங்கிப் போவார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்த கொடைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவையே. வில்லுப்பாட்டைக் கோவில் களத்துக்கு வெளியேயும் கொண்டுபோன நாகர்கோவில் ஒழுகினசேரி மண்ணின் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காலத்தில் யூடியூப்பும் ரீல்ஸும் இருக்கவில்லை. மயிலாடிக்குப் போய்ப் பாருங்கள்: சாலையோரப் பட்டறையில் பாதி செதுக்கிய சிலை நிற்பதும் உளிச் சத்தம் கேட்பதுமே சிற்பிகளுக்கு விளம்பரம். வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறவர் விலை பேசுகிறார்.

ஆகவே நான் கேட்பது பெரிய உதவி எதுவும் இல்லை. உங்கள் நோட்டீஸிலும் பிளெக்ஸிலும் நன்கொடையாளர் படங்களுக்கு இடையே ‘இரவு மாபெரும் வில்லிசை’ என்று ஒரு வரி மட்டும் வருகிறது. சில நேரங்களில் புலவரின் பெயர்கூட இருப்பதில்லை. அந்த இடத்தில் புலவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வலம் இடம் பாடுவோர், உடுக்கை, குடம், தாளம் ஆகியோரின் பெயர்கள் ஆகியவற்றை அச்சிட்டால், அந்த நோட்டீஸ் போகும் ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் முகவரி ஓராண்டு இருக்கும். கொடையை நேரலையில் ஒளிபரப்பும் ஊர்கள், வளைகுடாவிலிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்படி அதே விவரங்களைத் திரையில் காட்டலாம். செயலாளர் மாறும்போதெல்லாம் பழைய விவரம் தொலைந்துபோகிறது என்பதால், எந்த ஆண்டு யார் பாடினார்கள், ஊர் என்ன சொன்னது என்று எழுதிவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கணக்குப் புத்தகத்தோடு இருந்தால், பக்கத்து ஊரார் கேட்டால் கொடுக்கலாம். அதைவிட நம்பகமான ஆதாரம் எந்தச் செயலியிலும் கிடையாது. ஆதாரம் அரசுத் தரப்பிலிருந்து வேண்டுமென்றால், 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டையைக் கேளுங்கள். மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி முதல் கலை முதுமணி வரையிலான விருதுகளைப் பெற்றவர்கள் யார் என்று விசாரியுங்கள். புதிய இளைஞர் குழுக்களுக்கு யாரும் சான்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். அவர்களுக்கு மாலையில், பெரிய குழு வில்லில் அமர்வதற்கு முன் ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்ப்பதே நியாயமான வழி.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. பாடிய ஊர்களின் செயலாளர்கள் எண்களை ஒரு குறிப்பேட்டில் சேர்த்து, கொடைக் காலம் தொடங்குமுன் நேரடியாகப் பேசி வருகிறோம். கதைப் பட்டியலோடு ஒரு முகவரி அட்டை அச்சிட்டிருக்கிறோம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகும் செலவில் குழுவின் பெயரிலேயே ஓர் இணையதளம் வைத்து, ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒலிப்பதிவாகப் போடும் ஏற்பாடும் நடக்கிறது; வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் விரும்பினால் அங்கே மின்னஞ்சல் முகவரி கொடுத்துவைக்கலாம், எந்தெந்தக் கொடையில் பாடுகிறோம் என்று நாங்களே தெரிவிப்போம். யூடியூப்பையோ வாட்ஸப்பையோ நாங்கள் விலக்கவில்லை. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் தொழில் நடக்க வேண்டும், அவ்வளவே.

ஆடிக் கொடைகளுக்கு அச்சகங்களில் வேலை தொடங்கும் நேரத்தில், நோட்டீஸை இறுதி செய்யும் முன் நீங்கள் ஒப்பந்தம் செய்திருக்கும் குழுவை ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, எல்லாருடைய பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். குடம் அடிப்பவன் பெயர் கடைசியில் வந்தாலும் வருத்தமில்லை.

இப்படிக்கு,
வில்லிசைக் கலைஞன் ஒருவன்,
அகஸ்தீஸ்வரம் வட்டம்.