கையொப்பம் இடுமுன் எழுதிக் கொடு, தம்பி

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

இதை உன் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் நீ இளைஞர் கூட்டத்தில் சொன்னது ஹட்டன் பஸ் நிலையம் வரை வந்துவிட்டது. பதிலும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருப்பதுதான் நியாயம். உன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை.

நீ சொன்னதாக என் காதுக்கு எட்டியது இவ்வளவுதான்: "டோர்ட் தீர்மானங்களின் முதல் தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. போதக அபிஷேகத்துக்கு முன் கையொப்பம் கேட்பார்கள், போட்டுவிடுவேன். மனதைத் திறந்தா பார்க்கப் போகிறார்கள்?"

டோர்ட் தீர்மானங்கள் என்பது நெதர்லாந்தின் டோர்ட் நகரில் சீர்திருத்தச் சபையார் எழுதிய பழைய உபதேச அறிக்கை. அதன் முதல் தலைப்பு முன்குறித்தலை, அதாவது யாரை இரட்சிப்பது என்று தேவனே முன்னமே தெரிந்துகொள்வதைச் சொல்கிறது. நீ சொன்னதன் முதல் பாதியில் எனக்குக் கோபம் இல்லை. முன்குறித்தலைப் பற்றி ஒருநாளும் தடுமாறாத போதகரை நான் அவ்வளவாக நம்புவதும் இல்லை. உலகத் தோற்றத்துக்கு முன்னே தேவன் தெரிந்துகொண்டார் என்று நீ படித்துக் காட்டியபோது, "எதற்குத் தெரிந்துகொண்டார், கொழுந்து பறிக்கவா?" என்று ஓர் அக்கா கேட்டாராமே. உரிய கேள்வி. தகுதி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் அந்தத் தலைப்பின் உயிர் என்று நீ அவருக்குச் சொல்லியிருக்கலாம். குலமும் காணியும் பார்த்தே எல்லாவற்றையும் கொடுத்துப் பழகிய நாட்டில் அது சின்னச் செய்தி அல்ல.

போன மழைக்காலத்தில் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சிசுவை அடக்கம் செய்தோம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த பெட்டி. மூடியில் ஓர் ஆணி வளைந்து, இறங்காமல் நின்றது. "பிள்ளை எங்கே ஐயா?" என்று தாய் கேட்டார். நீ சங்கீதத்தை வாசித்துவிட்டு நகர்ந்துவிட்டாய். கொடூரம் என்று நீ ஒதுக்கும் அதே முதல் தலைப்பின் 17ஆம் பிரிவைப் பார். தேவன் சிசுப் பருவத்திலேயே அழைத்துக்கொண்ட பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றி, தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று அங்கே இருக்கிறது. விசுவாசிகளின் குழந்தைகளைத் தாயின் மார்பிலிருந்து பறித்து நரகத்தில் தள்ளும் போதனை என்று தங்கள்மேல் சுமத்தப்பட்ட பழியையும் முடிவுரையில் பெயர் சொல்லியே மறுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்கு வேண்டிய பதில் உன் பைக்குள்தான் இருந்தது.

இதனால் 15ஆம் பிரிவு எளிதாகிவிடும் என்று சொல்லவில்லை. தேவன் சிலரைத் தெரிந்துகொள்ளாமல் கடந்துபோகிறார் என்கிற அந்தப் பிரிவு யாருடைய தொண்டையிலும் நிற்கும். அடுத்த பிரிவே, மங்கி எரிகிற திரியைத் தேவன் அணைக்கமாட்டார் என்று தடுமாறுகிறவர்களைத் தேற்றுகிறது. எழுதியவர்களுக்கும் அந்தச் சங்கடம் தெரிந்திருக்கிறது.

இனி இரண்டாம் பாதி. ஒல்லாந்தர் காலத்துச் சீர்திருத்தச் சபை இந்தத் தீவில் 1642இல் காலியில் தொடங்கியது. கரையோரத்தில் ஞானஸ்நானம் பெற்றவனுக்கே முதலியார் என்ற அரசுப் பதவி. கலியாணமும் பிள்ளைகளின் பெயரும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறும். யாழ்ப்பாணத்தில் 1658 முதல் பணியாற்றிய பால்தேயு பாதிரியாரே பெயரளவுக் கிறிஸ்தவர்களைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் சபை கரைந்தது. வாயால் அறிக்கை, மனதால் வேறு என்பது இந்த மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்த கதை, தம்பி. கண்டி இராச்சியம் 1815 வரை தனித்து நின்றதால் மலைநாடு அதிலிருந்து தப்பியது. நம் தோட்டங்களுக்குச் சுவிசேஷம் வேறு வழியாக வந்தது: தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. இங்கே யாரும் பதவிக்காக ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நீ முதல் ஆளாக வேண்டாம்.

தாள் என்றால் நம் சனங்களுக்குப் பயம் என்பதும் தெரியும். ஒரு தோட்டத்தின் கடனை இன்னொரு தோட்டத்துக்குத் தூக்கிச் சென்ற துண்டுச் சீட்டு 1921இல்தான் ஒழிந்தது. அந்தத் தாளுக்குத் திரும்பிப் பேசும் வழி கிடையாது. நீ கையொப்பமிடப்போகும், டோர்ட்டில் எழுதப்பட்ட ஒப்புதல் படிவத்துக்கு அது உண்டு. அதைக் கடைசி வரி வரை வாசித்தாயா? உபதேசங்கள் வேதத்தோடு ஒத்திருக்கின்றன என்று மனதார நம்புவதாகச் சொல்லச் சொல்கிறது. பிறகு எப்போதாவது வேறு கருத்து தோன்றினால் அதைப் பிரசங்கத்திலோ இரகசியமாகவோ பரப்பாமல், முதலில் மூப்பர் சபைக்கும், வட்டாரச் சபைகளின் கூட்டமான கிளாசிசுக்கும், எல்லாவற்றுக்கும் மேலான பொதுச் சங்கமான சினோட்டுக்கும் தெரிவித்து, அவர்கள் ஆராய இடம் கொடுக்கச் சொல்கிறது. ஆக, போதகனுக்குச் சந்தேகம் வரும் என்பதை எதிர்பார்த்தே எழுதிய படிவம் அது. அது தடுப்பது நீ செய்ததை மட்டும்தான்: மேலே சொல்லாமல் பிள்ளைகளிடம் சொன்னது.

டோர்ட்டைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. 1619இல் அந்தச் சினோட்டுக்குப் பின் சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். நெதர்லாந்தின் முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அரசியல் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டார். பிற்காலத்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 1926இல் நெதர்லாந்தின் ஆசென் நகரில் கூடிய சினோட், ஏதேனில் பாம்பு பேசியதைப் பற்றித் தெளிவாகச் சொல்ல மறுத்த கேல்கெர்க்கன் என்ற போதகரை நீக்கியது. அதே சபை 1967இல் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது. 1944இல் ஜெர்மன் படை நாட்டை மிதித்துக்கொண்டிருந்தபோது, ஸ்கில்டர் என்ற பேராசிரியரைப் பதவி நீக்க நெதர்லாந்துச் சினோட்டுக்கு நேரம் இருந்தது. சபையே இரண்டாகப் போனது. எந்த மாதிரி மனிதர்கள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நீ தொலைபேசியில் படித்துக்கொண்டிருக்கும் வட அமெரிக்கச் சபையின் கதை வேறு. 2022இல், சீர்திருத்தச் சபைகளின் இன்னொரு உபதேச நூலான ஹைடல்பர்க் வினாவிடையின் 108ஆம் கேள்வியிலுள்ள ஒழுக்கக்கேடு என்பதில் ஓரினச்சேர்க்கையும் அடங்கும் என்று 123க்கு 53 வாக்குகளில் உறுதிப்படுத்தினார்கள். அந்தப் பொருளைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இங்கே முறையை மட்டும் கவனி. உபதேசத்தில் இடறல் உள்ளவர் 'கிரவாமென்' என்ற முறையீட்டை எழுதிக் கொடுக்கும் வழி அவர்களுக்கு இருக்கிறது. அதை நிரந்தர விதிவிலக்காக வைத்துக்கொண்டு பதவியில் இருக்கலாகாது என்று 2024இல் சொல்லிவிட்டார்கள். உனக்குக் கடுமையாகத் தோன்றலாம். எனக்குச் சரியாகவே படுகிறது: கேள்வி கேட்டவனுக்குப் பதில் கிடைக்க வேண்டும், பதிலுக்குப் பிறகு அவன் ஒரு முடிவுக்கு வரவும் வேண்டும்.

நம் மூப்பர்களில் இருவர், சந்தேகப்படுகிறவன் பிரசங்க மேடை ஏறக்கூடாது என்கிறார்கள். அவர்களுக்கு நான் பெல்ஜிய விசுவாச அறிக்கையின் 7ஆம் பிரிவைத்தான் காட்டப்போகிறேன். சங்கங்களையும் தீர்மானங்களையும் வேதத்துக்குச் சமமாக வைக்கக்கூடாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அதை எழுதிய கீதோ தெ பிரே 1567இல் தூக்கிலிடப்பட்டவர். ஆட்சியின் பக்கம் நின்று எழுதியவர் அல்ல. எழுதிக் கொடுத்தவனைக் கலகக்காரன் என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நிற்பேன். எழுதிக் கொடுக்காமல் கையொப்பம் இட்டாலும் நிற்பேன், அப்போது உனக்கு எதிராக.

ஆகவே வேலை இதுதான். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுது. எந்தப் பிரிவு, எந்த வசனத்தோடு அது மோதுவதாக நினைக்கிறாய், சபை உனக்கு எதை விளக்க வேண்டும் என்பவை போதும். தேவன் தெரிந்துகொள்வதைப் பற்றிப் பேசும் ரோமர் 9ஆம் அதிகாரத்தைத் தாண்டிக் குதிக்காதே. அதைத்தான் முதலில் கேட்பார்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் நம் செயலாளர் கண்டுபிடித்துவிடுவார், அவருக்கு வேறு வேலை இல்லை. அபிஷேகம் ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஞாயிறு பாடசாலைக்கும் வீட்டுச் சந்திப்புக்கும் கையொப்பம் யாரும் கேட்கமாட்டார்கள். கீழ் லயத்துக்கும் போய்விட்டு வா, 17ஆம் பிரிவை அந்த அம்மாவுக்கு உன் வார்த்தையில் சொல். அது நீ மறுக்கிற பிரிவு அல்லவே.

அடுத்த மூப்பர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உன் முறையீட்டை முதலில் போடச் சொல்லிவிட்டேன். கூரைத் தகரக் கணக்கு அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
உன் பழைய ஞாயிறு பாடசாலை வாத்தியார்