வேர் சிகிச்சை: வலி நின்ற பிறகும் ஏன் வர வேண்டும்?

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் பல்லுக்கு ரூட் கனால் எனப்படும் வேர் சிகிச்சை வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது கேள்வி கேட்க முடியாது. அதனால் இந்த மடல். வீட்டில் நிதானமாகப் படியுங்கள்.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட கூழ் இருக்கிறது. சொத்தை ஆழமாகி அதை எட்டியதும் கூழ் வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. சூடான காபி பட்டதும் நெடுநேரம் விண்ணென்று தெறிப்பதும், இரவில் படுத்தால் வலி கூடுவதும் இதனால்தான். சில நாளில் வலி தானாக அடங்கிவிடலாம். அப்போது கூழ் செத்துவிட்டது என்றுதான் பொருள். கிருமி வேர்நுனியைத் தாண்டித் தாடை எலும்புக்குள் போகும். மாதங்கள் கழித்து ஈறில் சீழ்க்கொப்புளமாகவோ கன்ன வீக்கமாகவோ திரும்பும். செத்த கூழில் ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாடிக் மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் எழுதித் தருவோம். வெறும் வலிக்குத் தரமாட்டோம். கிராம்புத் தைலத்தை ஊற்றிக்கொள்வது, பல்லோரம் மாத்திரையைப் பொடித்து வைப்பது இரண்டும் வேண்டாம். ஈறு வெந்துபோகும்.

வரும் நாளில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போலப் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. எங்களிடம் சொன்னால் போதும். கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதலில் மரத்துப்போக ஊசி. கடுமையாக வலித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் ஓர் ஊசிக்கு அடங்காமல் அடம்பிடிக்கும். உதடு மரத்திருந்தும் பல் வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டுப் பல்லோரமாக இன்னொன்று போடுவோம். பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டுவோம். எச்சில் உள்ளே போகாமலும், மருந்தோ சிறு கருவியோ தொண்டைக்குள் விழாமலும் அது தடுக்கும். மூக்கால் மூச்சுவிட்டுப் பழகிக்கொண்டால் சிரமம் இல்லை.

பல்லின் மேல்பக்கம் சிறு துளையிட்டு, வேருக்குள் கூழ் இருக்கும் மெல்லிய குழாய்களான கால்வாய்களைத் தேடுவோம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 3 இருக்கும். மேலே முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது ஒன்று அடிக்கடி ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் வலி திரும்ப வரும் என்பதால் தேடுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறோம். உதட்டோரம் கொக்கி மாட்டி, ‘பீப்’ என்று ஒலிக்கும் கருவியால் வேரின் நீளத்தை அளப்போம். சத்தத்தைக் கேட்டுப் பதற வேண்டாம். நுனியில் 0.10 மி.மீ. தடிமன் உள்ள மெல்லிய ஃபைலில் (ஊசி போன்ற சிறு அரம்) தொடங்கிக் கால்வாயைப் படிப்படியாக அகலப்படுத்துவோம். ஆனால் கிளைகளிலும் மூலைகளிலும் ஃபைல் நுழையாது. அங்கே கிருமியைக் கொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான். பிளீச்சிங் பவுடர் வாடை அதனால்தான் வருகிறது. கடைசியில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் கால்வாயை அடைப்போம். சீழ் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து, ஓரிரு வாரம் கழித்துத்தான் அடைப்பு.

வளைந்த வேருக்குள் ஃபைலின் நுனி உடைந்து நின்றுவிடுவதும் உண்டு. எடுக்க முடிந்தால் எடுப்போம். உள்ளேயே விட்டாலும், அதற்குமுன் கால்வாய் சுத்தமாகியிருந்தால் பல் பெரும்பாலும் நிலைக்கும். எப்படியானாலும் எக்ஸ்ரேயைக் காட்டி உங்களிடம் சொல்வோம். சொல்வது எங்கள் கடமை, கேட்பது உங்கள் உரிமை.

மரப்பு 2 முதல் 4 மணி நேரம் இருக்கும். அதுவரை சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். குழந்தைகளை இதில் கவனியுங்கள். கடிக்கும்போது 2, 3 நாள் வலிப்பது இயல்பு. வேர்நுனியைச் சுற்றியுள்ள தசைநார் புண்பட்டிருக்கும். நாங்கள் எழுதித்தரும் வலி மாத்திரை போதும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கடையில் கேட்டு ஐபுபுரூஃபன் வாங்கிப் போட வேண்டாம். பல் மற்றவற்றைவிட உயரமாகி முதலில் இடிப்பதுபோல் இருந்தால் வாருங்கள், தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம்தான். வீக்கம் பரவினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ சிரமமானாலோ எங்களுக்காகக் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி, பலர் கைவிடும் இடம். வலி போனதும், பல்லை மூடிக் காக்கும் உறையான கேப் போட வருவதில்லை. சொத்தையும் எங்கள் துளையும் சேர்ந்து கடைவாய்ப் பல்லின் உட்பகுதியைக் கணிசமாகத் தின்றிருக்கும்; மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள். முறுக்கையோ ஆட்டெலும்பையோ கடிக்கும்போது பல் நெட்டுக்குத்தாகப் பிளந்து வேர்வரை இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. தற்காலிக அடைப்பும் சில வாரங்களில் தேய்ந்து எச்சிலை உள்ளே விடும், செய்த வேலை வீணாகும். ஆகவே சில வாரங்களுக்குள் கேப் போட்டுவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள். அதிகம் சேதமாகாத முன்பல்லுக்குக் கேப் தேவைப்படாமலும் போகலாம், அதற்கு வற்புறுத்த மாட்டோம்.

சிகிச்சைக் கட்டணம் வேறு, கேப் கட்டணம் வேறு. உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது, சிர்கோனியா என்னும் உறுதியான பீங்கான் வகை எனக் கேப்பின் வகைக்கேற்ப விலை மாறும். முதல் நாளே மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேர்நுனி எலும்பு ஆறியதா என்று பார்க்க ஓராண்டு கழித்து ஒரு எக்ஸ்ரே எடுப்போம். அந்தத் தேதியை உங்கள் அட்டையின் பின்பக்கம் குறித்துத் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் பல் மருத்துவமனையினர்